குரல் தாளத்தில் உட்கார

மெலோடைன் மென்பொருளில் குரலின் நேரத்தைத் திருத்தும்போது முதலில் திரையைப் பார்க்காமல் கேளுங்கள். கட்டக் கோட்டைவிட்டு விலகியிருக்கிறது என்பதற்காக எதையும் நகர்த்த வேண்டாம். காதுக்கு உறுத்தினால் மட்டும் தொடுங்கள்.

தட்டில் விழ வேண்டியது உயிரொலிதான். ‘சொல்’ என்று பாடும்போது ‘ச்’ என்ற காற்றொலி தட்டுக்குச் சற்று முன்பே வந்துவிடும். ‘ஒ’ தட்டில் உட்காரும். திரையில் தெரியும் சுரத் துண்டின் தொடக்கத்தை அப்படியே கோட்டில் ஒட்டினால் குரல் பின்தங்கிக் கேட்கும். மொத்தக் குரலையும் 100 சதவீதம் குவான்டைஸ் செய்து கோடுகளில் பொருத்தினால் பாடியவரின் நடையே போய்விடும்.

கமகத்தை மென்பொருள் பல சுரங்களாக வெட்டிவிடுவதுண்டு. நடுவிலுள்ள பிரிப்புக் கோடுகளை நீக்கிவிட்டு நகர்த்துங்கள். ஒரு துண்டை இழுத்தால் ஒட்டியுள்ள பக்கத்துத் துண்டும் நீளும், சுருங்கும். அதையும் கேட்டுப் பாருங்கள். கோரஸ் இருந்தால் முதன்மைக் குரலை முடித்துவிட்டு, மற்றவற்றை அதற்கு இணங்க வையுங்கள்.

அடுத்து ஃபைல்கள். பதிவு மென்பொருளோடு இணைக்கும் ஏஆர்ஏ வழியில் மெலோடைன் ட்ராக்கின் ஆடியோவை நேரடியாகப் படிக்கும். ட்ராக்கை ஓடவிட்டு மெலோடைனுக்குள் பதியும் டிரான்ஸ்ஃபர் முறையிலோ ஒலியின் நகல் தனி ஃபோல்டரில் சேரும். வேறு கம்ப்யூட்டருக்குப் போகும்போது அந்த ஃபோல்டரை விட்டுவிட்டால் திருத்திய குரல் ஒலிக்காது.

திருத்தம் முடிந்ததும் பாட்டின் முதல் நொடியிலிருந்தே 24 பிட் வேவ் ஃபைலாக எடுத்துவிடுங்கள். எந்த மென்பொருளில் போட்டாலும் இடம் பிசகாது. பெயரில் பாட்டு, பாடகர், டேக் எண், டெம்போ இருக்கட்டும். திருத்தாத மூலப் பதிவை மட்டும் ஒருபோதும் அழிக்காதீர்கள்.