ஒரகடத்தின் இளம் ஜாஸ் கலைஞருக்கு

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியில் ஷிஃப்ட் முடிந்த நேரங்களில் கீபோர்டில் ஜாஸ் பயிலும் இளம் கலைஞரின் பார்வைக்கு,

முழுக் கலைஞராகத் தேறிய பிறகே பிறருக்குக் கற்பிக்கலாம் என்பது இசை பயில்வோரிடையே பரவலாக உள்ள எண்ணம். ஆனால் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே தோன்றி, மனோதர்மத்தையே உயிராகக் கொண்டு வளர்ந்த ஜாஸ், அதன் தாயகத்துக்கு வெளியே நிலைபெற்ற வரலாற்றை நோக்கினால், கற்பித்தலே சில இடங்களில் உடன் வாசிப்போரையும் கேட்போரையும் உருவாக்கித் தந்தது புலப்படும்.

அதற்குத் தக்க சான்று, 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பல் மதராஸிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரைக் கொண்டுபோய் இறக்கிய தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம். அங்கு அன்றிருந்த நேட்டால் பல்கலைக்கழகத்தில், 1983இல் அமெரிக்காவிலிருந்து வந்த பியானோக் கலைஞர் டேரியஸ் புரூபெக், ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களிலேயே முதலாவதான ஜாஸ் பட்டப்படிப்பைத் தொடங்கி, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கேயே பணியாற்றினார். (இவருடைய தந்தை டேவ் புரூபெக் 1958ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் மதராஸுக்கு வந்து, மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையுடன் சேர்ந்து வாசித்தவர்.) நிறவெறி ஆட்சி கறுப்பின மக்களுக்குத் தரமான கல்வியை மறுத்திருந்ததால், செவிவழியாகவே இசையில் தேர்ந்திருந்த பலருக்கு ஸ்டாஃப் நொட்டேஷன், அதாவது ஐந்து கோடுகளில் சுரம் எழுதும் முறை, பழக்கமாகியிருக்கவில்லை, பல்கலைக்கழக நுழைவுக்கான சான்றிதழும் சிலரிடம் இல்லை. அத்தகையோரையும் உள்ளே கொண்டுவந்ததே அத்துறையின் பெரும் சாதனை என்று மதிப்பிடலாம். பட்டத்தின் பெயர் அதற்கு அடுத்ததுதான். பல இனத்தவரும் சேர்ந்த அதன் மாணவர் குழுவான ‘ஜாஸானியன்ஸ்’ 1988இல் அமெரிக்கா சென்று வாசித்தது. அதில் பியானோ வாசித்த மெல்வின் பீட்டர்ஸ், தென்னாப்பிரிக்க இந்தியச் சமூகத்தைச் சேர்ந்தவர். பின்னாளில் அவரும் ஆசிரியரானார். டிரம்பெட் வாசித்த ஜானி மெக்கோவா 1994இல் கௌடெங் மாகாணத்தில் ஓர் இசைப் பள்ளியையே நிறுவினார்.

ஒரகடத்து இளைஞருக்கு இதிலிருந்து கிடைக்கும் முதல் பாடம், செவிக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்குவது. தேவாலயத்தில் கீபோர்டு வாசித்துப் பழகியவரும், திருவிழாவில் நையாண்டி மேளம் கேட்டு வளர்ந்தவரும் தாளத்தை முன்பே உடலில் வைத்திருப்பவர்கள். பால் டெஸ்மண்ட் இயற்றி, டேவ் புரூபெக் குழு 1959இல் வெளியிட்ட ‘டேக் ஃபைவ்’ ஐந்து எண்ணிக்கையில் அமைந்தது. கண்ட சாபுவில் அது இரண்டும் மூன்றுமாகப் பிரிய, இங்கே மூன்றும் இரண்டுமாகப் பிரிகிறது என்று கைதட்டிக் காட்டினால், நொட்டேஷனே தெரியாத சிறுவனுக்கும் அந்த நடை பிடிபட்டுவிடும்.

அடுத்தது இடக்கை. பியானோவின் 88 கட்டைகளுக்குப் பதில் 61 மட்டுமே உள்ள, விரலுக்கு எடை தராத கீபோர்டுதான் விடுதி அறையில் இருக்கும். நைட் ஷிஃப்ட் முடித்து உறங்கும் அறைத்தோழர்களுக்காக ஹெட்போனும் வேண்டியிருக்கும். அந்தக் கருவியிலும் ஷெல் வாய்சிங், அதாவது ஒரு கார்டின் மூன்றாம் சுரத்தையும் ஏழாம் சுரத்தையும் மட்டும் பிடிக்கும் முறை, நன்றாகவே ஒலிக்கும். சி செவன்த் கார்டுக்கு ஈ, பி ஃபிளாட் என இரு கட்டைகளைப் பிடித்திருப்பவர், இரு விரல்களையும் அரைச்சுரம் கீழே நகர்த்தினால் எஃப் செவன்த் கார்டுக்குரிய ஈ ஃபிளாட்டும் ஏயும் கிடைத்துவிடும். பன்னிரண்டு பார்களில் சுழலும் புளூஸ் வடிவத்தின் பெரும்பகுதி இந்த நகர்விலேயே அடங்கும். அதைத் தடுமாறாமல் ஒரு மணி நேரம் சுழற்றத் தெரிந்தவர், வேறொருவரின் மனோதர்மத்துக்குத் துணைநிற்கத் தகுதி பெற்றவர். அந்த அளவிலேயே கற்பிக்கவும் தொடங்கலாம்.

லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைக் கிரேடு தேர்வுகளை இகழத் தேவையில்லை. விரல் ஒழுங்குக்கும் நொட்டேஷனைப் பார்த்து வாசிக்கும் பழக்கத்துக்கும் அவை உதவும். ஆனால் உடன் வாசிப்பவரின் இசைத்தொடர் முடியும் இடத்தைக் கேட்டறியும் பழக்கம் கூட்டு வாசிப்பில்தான் வரும் என்பதால், வாரம் ஒருமுறையேனும் இன்னொருவருடன் உட்கார வேண்டும். ஷிஃப்ட் வாரந்தோறும் மாறும் பகுதியில், கிழமையை முன்கூட்டியே குறிக்காமல், ஷிஃப்ட் அட்டவணை வந்தபின் வகுப்பு நேரத்தை முடிவு செய்வதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

கம்பெனி வேலையை விடுவதற்கு அவசரம் காட்ட வேண்டியதில்லை. கட்டணம் வாங்கவும் கூச வேண்டியதில்லை. இலவச வகுப்புக்கு வருகிறவர் மழை பெய்தால் வருவதில்லை.