எண்ணெய்க் கிணற்றிலிருந்து தரவு அறிவியலுக்கு

“டீச்சர், பெட்ரோலியப் பொறியியல் படிக்க ஆசையாக இருக்கிறது. ஆனால், எண்ணெய் விலை விழுந்தால் படித்ததெல்லாம் வீண் என்கிறார் அப்பா.” படிவம் 5 மாணவர் ஒருவர் என்னிடம் இப்படிச் சொன்னார்.

அப்பாவின் கவலையில் நியாயம் உண்டு. 2014-ஆம் ஆண்டின் நடுவில் ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் 100 அமெரிக்க டாலருக்கு மேல் விற்றது. 2016 தொடக்கத்தில் அது 30 டாலருக்கும் கீழே இறங்கியது. உலகெங்கும் எண்ணெய்த் துறையில் பலர் வேலை இழந்தனர். அவர்களுள் சிலர் தரவு அறிவியலுக்கு மாறினர். படித்தது வீணாகியிருந்தால் அது எப்படி முடிந்திருக்கும்?

காணாததைக் கணித்தல்

எண்ணெய் நிலத்தடியில் குளம்போல் தேங்கி நிற்பதில்லை. பாறையின் நுண்துளைகளில் அது தங்கியிருக்கிறது. அதை யாரும் நேரில் பார்க்க முடியாது. அழுத்தம், வெப்பநிலை, பாறையின் மின்தடை, அன்றாட உற்பத்தி ஆகிய எண்களை வைத்தே பொறியியலாளர் கணிக்கிறார்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு கிணறு தரும் எண்ணெயின் நாள் சராசரி முதல் மாதம் 1,000 பீப்பாய். அடுத்த மாதங்களில் 900, 810, 729. ஒவ்வொன்றும் முந்தைய மாதத்தின் 90 விழுக்காடு. நீங்கள் படிக்கும் பெருக்குத் தொடர்வரிசைதான் இது! இந்த எண்களின் மடக்கையை வரைபடத்தில் குறித்தால் நேர்கோடு கிடைக்கும். கோட்டை நீட்டினால் ஐந்தாம் மாதத்திற்கு 656 பீப்பாய் எனத் தெரியும். இத்தகைய சரிவுக்கான சமன்பாடுகளை ஆர்ப்ஸ் என்பவர் 1945-இல் தொகுத்து வெளியிட்டார்.

தரவு அறிவியலாளர் செய்வதும் இதுவே. பழைய எண்களில் ஒழுங்கைக் கண்டு, அதற்கொரு கோட்டைப் பொருத்தி, இனி வருவதைக் கணிக்கிறார். அது எண்ணெயாக இருக்கலாம். ஒரு நகரின் மின்சாரப் பயன்பாடாகவும் இருக்கலாம்.

எண்ணை அப்படியே நம்பலாமா?

ஐந்தாம் மாதப் பதிவில் 656-க்குப் பதிலாக 219 என்று இருக்கிறது. கணினி, ‘கிணறு வற்றுகிறது’ என்று முடிவு கட்டிவிடலாம். பொறியியலாளரோ, “கிணறு எத்தனை நாள் திறந்திருந்தது?” என்று கேட்பார். பழுதுபார்ப்புக்காக 20 நாள் மூடியிருந்தார்கள். அம்மாத உற்பத்தி 6,560 பீப்பாய். அதை 30-ஆல் வகுத்தால் 219. திறந்திருந்த 10 நாளால் வகுத்தால் 656. கிணறு நலமாகத்தான் இருக்கிறது!

நார்வே கடற்பகுதியின் வோல்வே எண்ணெய் வயல் பதிவுகளை எக்வினோர் நிறுவனம் 2018-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிட்டது. அதன் உற்பத்திப் பட்டியலிலும் கிணறு இயங்கிய மணிநேரத்திற்கெனத் தனி நெடுவரிசை உண்டு.

துறை மாறுபவர் புள்ளியியலை ஆழமாகப் படிக்க வேண்டும். பைத்தான் போன்ற நிரல்மொழியையும் கற்க வேண்டும். அதற்கு உழைப்பு தேவை. ஆனால், ‘இந்த எண் எப்படி வந்தது?’ என்று கேட்கும் பழக்கத்தை அவர் ஏற்கனவே பெற்றிருக்கிறார். அந்த மாணவருக்கும் இதைத்தான் சொன்னேன்: “எண்ணெய் விலை நம் கையில் இல்லை. எண்களை ஆராயும் திறன் நம்மோடு வரும். எனவே, கணிதத்தை விட்டுவிடாதே.”

முயன்று பாருங்கள்

ஒரு கிணற்றின் நாள் சராசரி 800, 640, 512 பீப்பாய். நான்காம் மாதம் 205. அந்த மாதத்தின் 30 நாளில் 15 நாள் மட்டுமே கிணறு திறந்திருந்தது. கிணறு வற்றுகிறதா?

விடை: இல்லை. வழக்கமான சரிவின்படி 512-இன் 80 விழுக்காடு, ஏறக்குறைய 410. திறந்திருந்த நாள்களின் சராசரியும் 205 × 30 ÷ 15 = 410.