போதைப் பழக்கமும் குடும்பமும்: உதவி கேட்கும் உரிமை உங்களுக்கும் உண்டு

வீட்டில் ஒருவர் மதுவுக்கோ போதைப்பொருளுக்கோ ஆட்படும்போது அதன் சுமையைக் குடும்பம் முழுவதும் சுமக்கிறது. மகனின் கடனைத் தாய் அடைக்கிறார். கணவர் எழ முடியாத காலையில் அவருக்குக் காய்ச்சல் என்று மனைவி வேலைத்தலத்துக்குத் தொலைபேசியில் அறிவிக்கிறார். ஊரார் அறிந்துவிடுவார்கள் என்ற அச்சத்தில் பிள்ளைகள் நண்பர்களை வீட்டுக்கு அழைப்பதில்லை. "அவர் சிகிச்சைக்குச் சம்மதித்தால்தானே எங்களுக்கு வழி பிறக்கும்?" என்று பலர் எண்ணுகின்றனர். அதுவரை குடும்பத்தினர் காத்திருக்க வேண்டியதில்லை.

சென்னையில் கணவரை மதுப் பழக்கத்தால் இழந்த சாந்தி ரங்கநாதன், 1980இல் அவர் பெயரால் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையை நிறுவினார். அங்கு நோயாளிக்குச் சிகிச்சை நடைபெறும்போதே குடும்பத்தினருக்கும் தனியாக ஆலோசனை வழங்கப்படுகிறது. குடும்பத்துக்கும் ஆறுதலும் தெளிவும் தேவை என்பதே இதன் அடிப்படை.

சட்டம் கூறுவது

கியூபெக் குடிமையியல் சட்டத்தொகுப்பின்படி, சில விதிவிலக்குகள் தவிர, சம்மதமின்றி எவருக்கும் சிகிச்சை அளிக்க இயலாது. எனவே வயதுவந்த ஒருவரைக் குடும்பத்தின் விருப்பத்தால் மட்டும் சிகிச்சைக்கு உட்படுத்த முடியாது. ஆனால் உங்களுக்காக ஆலோசனை பெற அவருடைய அனுமதி தேவையில்லை. சமூகப் பணியாளர் போன்ற தொழில்வல்லுநர்கள் நீங்கள் கூறுவதை இரகசியமாகக் காக்கச் சட்டத்தால் கடமைப்பட்டவர்கள். உயிராபத்து போன்ற சில நிலைகள் மட்டுமே இதற்கு விலக்கு.

எங்கே கேட்கலாம்?

• 811ஐ அழைத்து இலக்கம் 2ஐத் தெரிவு செய்தால் சமூகநல ஆலோசகர் பேசுவார்.

• போதைப்பொருள் உதவி மற்றும் வழிகாட்டல் சேவை: 514-527-2626. பழக்கமுள்ளவரைப் போலவே உறவினரும் நண்பரும் எந்நேரமும் கட்டணமின்றி, பெயர் கூறாமல் பேசலாம்.

• புவாண்ட்-கிளேரில் கார்த்தியே அவெனியூவில் உள்ள லாக்-சான்-லூயி சி.எல்.எஸ்.சி.

"என் மகனின் போதைப் பழக்கத்தால் நாங்கள் துன்பப்படுகிறோம், எனக்கு ஆலோசனை வேண்டும்" என்று தொடங்கினாலே போதும். சி.எல்.எஸ்.சி.யில் சந்திப்பு நேரம் கேட்கும்போதே, தமிழ் உரைபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்றும் வினவுங்கள்.

உயிராபத்து நேரத்தில்

ஒருவரை எழுப்ப முடியவில்லை, மூச்சு மிகவும் மெதுவாக உள்ளது, உதடு நீலம் பாய்ந்துள்ளது எனில் உடனே 911ஐ அழையுங்கள். காவல்துறைக்கு அஞ்சித் தாமதிக்க வேண்டாம். போதைப்பொருள் மிகைநுகர்வின்போது உதவி கோருபவர் மீதும், அவ்விடத்தில் உள்ளவர்கள் மீதும், சொந்தப் பாவனைக்காகப் போதைப்பொருள் வைத்திருந்த குற்றச்சாட்டு சுமத்தப்படாது என 2017இல் நடைமுறைக்கு வந்த கனேடியச் சட்டம் பாதுகாப்பளிக்கிறது. விற்பனைக் குற்றத்துக்கும் நிலுவையிலுள்ள பிடியாணைக்கும் இப்பாதுகாப்பு பொருந்தாது.

ஹெரோயின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு வகைகளின் விளைவைத் தற்காலிகமாக மாற்றும் நலோக்சோன் மருந்தை, 14 வயதும் அதற்கு மேலும் உள்ள எவரும் கியூபெக் மருந்தகங்களில் இலவசமாகப் பெறலாம். அதன் பயன் விரைவில் குறையும். ஆகவே மருந்து கொடுத்தாலும் 911ஐ அழைப்பது அவசியம்.

சிந்திக்க மூன்று வினாக்கள்

1. கடந்த மாதம் அவருக்காக நான் எதை மறைத்தேன்? அதனால் யார் பயனடைந்தார்?

2. எந்த உதவியை இனியும் செய்வேன்? எதை நிறுத்துவேன்?

3. என் உறக்கமும் உடல்நலமும் எவ்வாறு உள்ளன?

விடைகளை எழுதி வையுங்கள். ஆலோசகருடனான முதல் உரையாடலை அவற்றிலிருந்தே தொடங்கலாம்.