பேரிங் உருகிய ஆயில் என்ஜின்: செப்பனிடுமுன் சேதம் அறிதல்

பெரியாற்று நீர் 1895-இல் மதுரைச் சமவெளிக்கு வந்தது. அது எட்டாத புன்செய்களில் ஆயில் என்ஜினால் கிணறு இறைப்போர், பேரிங் உருகியவுடன் புதியதொன்றை மாத்திரம் போட்டு ஓட்டிவிடுகின்றனர். பயிர் வாடுகையில் அவசரம் இயல்பே. ஆனால் பேரிங்கில் வார்த்த வெள்ளீயக் கலவை ஏறக்குறைய 240 டிகிரி சென்டிகிரேடில் இளகி, அதன் துகள்கள் எண்ணெய் வழிகளில் தங்கிப் புதிய பேரிங்கையும் கெடுக்கும்.

ஆகையால் முதலில் எண்ணெயை ஒரு தட்டில் வடித்துத் துகள்களைப் பார்க்கவேண்டும்; வழிகளை மண்ணெண்ணெயால் கழுவவேண்டும். பின்னர் கிராங்க் ஷாப்டின் கழுத்தை மைக்ரோமீட்டரால் ஒன்றுக்கொன்று குறுக்கான இரு திக்குகளில் அளத்தல் அவசியம். அளவுகள் வேறுபட்டால் உருட்சி கெட்டது. கடைந்தபின் உள்விட்டம் குறைந்த பேரிங்கே பொருந்தும். கழுத்தில் மயிரிழை வெடிப்பு இருப்பின் கடையவுங் கூடாது. கனெக்டிங் ராடு நீலம் பாரித்திருந்தால் கடுஞ்சூடு பட்டதென அறிக. அதைக் கழிப்பதே உசிதம். எண்ணெய் பம்பு தவறியதா, வழி அடைத்ததா என்று தெரியுமுன் என்ஜினைப் பூட்டலாகாது.