மக்காச்சோளக் கொல்லைக்குப் பச்சை மேட்

அன்புள்ள தம்பிக்கு,

படங்கள் கிடைத்தன. பொம்மை வீரர்களுக்கு நீ அடித்திருக்கும் பெயின்ட் பிரமாதம். நீலச் சட்டையின் மடிப்பில் விழும் நிழலைக்கூட விடவில்லை. ஆனால் அவர்கள் நிற்கும் இடம்தான் கால்பந்து மைதானமாக இருக்கிறது. செயற்கைப் புல்லை வாங்கி அப்படியே போர் விளையாட்டு மேஜையில் விரித்தால் வேறெப்படி இருக்கும்? 1966-இல் ஹியூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் விரித்த காலத்திலிருந்தே, ஒரே சீராக இருப்பதுதான் அந்தச் சரக்கின் பெருமை. உனக்கோ அதுதான் தொல்லை.

நீ எடுத்திருப்பது அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஆன்டீட்டம் சண்டை, 1862 செப்டம்பர் 17, மில்லரின் மக்காச்சோளக் கொல்லை. நிறத்தை விடு, முதலில் உயரத்தைப் பார். சோளத்துக்கு மேலே பயனெட்டுகள் வெயிலில் மின்னியதை வைத்துத்தான், உள்ளே எதிரிப்படை இருப்பதை வடதரப்புத் தளபதி ஹூக்கர் கண்டுகொண்டார். ஆள் மறைய வேண்டும், பயனெட் தெரிய வேண்டும். இதுதான் உன் அளவுகோல். உன் பொம்மைகள் 28 மி.மீ. ரகம். 25 மி.மீ. புல்லில் முகம் வெளியே நிற்கும். 40-இல் பயனெட்டும் முங்கிவிடும். 35 வாங்கு. அடியில் சுருள் சுருளாகப் பழுப்பு நூல் கலந்த ரகமாகப் பார்த்து எடு. செப்டம்பர் சோளம் அடித்தோகை காய்ந்துதான் நிற்கும்.

வெட்டுவது எப்போதும் பின்பக்கத்திலிருந்து. புல்விரிப்பைக் குப்புறப் போட்டால் தையல் வரிசைகள் தெரியும். இரண்டு வரிசைக்கு நடுவே கட்டரை ஓட்டினால் ஒரு இழைகூட அறுபடாது. மேலிருந்து கத்தரி போட்டால் சலூனில் கிராப் வெட்டிய மாதிரி ஓரம் அப்பட்டமாகத் தெரியும். பிறகு இடையிடையே சில வரிசைகளைக் குறட்டால் பிடுங்கி எடு. அப்போதுதான் சால் விட்ட கொல்லையாகும், பொம்மையின் அடித்தட்டும் சாயாமல் உட்காரும். நெருக்கமான புல்லின் மேல் பொம்மையை நிறுத்திப் பார்த்தவர்களுக்கு அந்த எரிச்சல் தெரியும்.

இழை பெரும்பாலும் பாலிஎத்திலீன். அதில் பெயின்ட் பிடிக்காது, காய்ந்ததும் உரிந்து கொட்டும். ஆகவே நிறம் மாற்றப் பார்க்காதே, பளபளப்பைக் குறைக்க மட்டும் மேட் வார்னிஷ் லேசாக அடி. அடியில் தண்ணீர் கலந்த ஃபெவிகால் விட்டு, சலித்த செம்மண் தூவு. மண் ஒட்டியதும் பாதிப் பிளாஸ்டிக் வாடை போய்விடும்.

முக்கியமான வேலை இனிமேல்தான். அந்தக் கொல்லை அன்று காலை முழுக்க நின்ற கொல்லை அல்ல. ஹூக்கரின் பீரங்கிகள், தகர டப்பாவில் இரும்புக் குண்டுகளை அடைத்த கானிஸ்டரைச் சுட்டுச் சோளத்தை அடியோடு அரிந்து தள்ளின. இரு தரப்பும் மாறி மாறி அதற்குள் புகுந்து வெளியேறின. ஆகவே உள்ளங்கை அகலத் துண்டுகளாக இரண்டு செட் செய். ஒன்று நிற்கும் சோளம். மற்றொன்று, தாறுமாறாக நறுக்கிய கட்டை. நறுக்கி விழுந்த இழைகளையே அதன் குறுக்கே ஒட்டு. ஆட்டம் போகப்போக ஒன்றை எடுத்து மற்றதை வை. மிதிபட்ட இடங்களுக்கு, ஹீட் கன்னைத் தூரப்பிடித்து இளக்கி, பலகையால் அழுத்து. மொட்டை மாடியில் செய். கிட்டே கொண்டுபோனால் இழை உருகி உருண்டைகட்டும், புகையும் ஆகாது.

அந்தப் போர்க்களத்தில் இருந்த டன்கர் சபையின் தேவாலயத்தைக் கொல்லை முடிந்தபின் தொடு. வெள்ளையடித்த சின்னக் கட்டடம், செங்கல் சுவர். தேவாலயம் என்றதும் கை தானாகக் கோபுரம் வைக்கப் போகும். வைத்துவிடாதே, அந்தச் சபையார் வைக்கவில்லை.

அன்புடன்,
அண்ணன்