பழைய ஜப்பானிய மோட்டார் வண்டியைப் புதுக்குதல்

பழுதுற்றுக் கிடக்கும் மோட்டார் வண்டியொன்றை வீட்டுக் கொட்டகையில் நிறுத்தி, தம் கையாலேயே செப்பனிட முற்படுவோர் இக்காலத்திற் பலர். அவர்களுள் பழைய ஜப்பானிய வண்டிகளிற் பற்றுடையோர் ஜப்பானில் மட்டுமன்றி அமெரிக்காவிலும் மிகுதியாக உளர். அவர்கள் செய்யும் தொழில் இருவகைப்படும். தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் வண்டி எவ்வாறிருந்ததோ அந்நிலைக்கே அதனை மீட்டல் ஒன்று; தம் விருப்பத்திற்கேற்ப வேகத்தையும் தோற்றத்தையும் வேறாக்குதல் மற்றொன்று. முன்னதைப் புதுக்குதல் என்றும், பின்னதை மாற்றுதல் என்றும் இங்கு வழங்குவோம். இவ்விரண்டும் ஒரே வண்டியிற் கலந்து நடைபெறுவதே பெரும்பான்மை வழக்கம். அங்ஙனம் கலக்குங்கால், எம்மாற்றம் பின்னர் மீட்கத்தக்கது, எது மீட்கவே இயலாதது என்னும் பாகுபாட்டை அறியாது வாளெடுத்தவர்களால் அழிந்த வண்டிகள் அநேகம். ஆதலின், ஒரு வண்டியை உதாரணமாகக் கொண்டு இவ்விஷயத்தைச் சிறிது ஆராய்வோம்.

நிஸ்ஸான் கம்பெனியார் 1969-ஆம் ஆண்டில் இரண்டு ஆசனமுள்ள வண்டியொன்றை வெளியிட்டனர். தாய்நாட்டில் அதற்குப் ‘பேர்லேடி இஸட்’ என்றும், பிற நாடுகளில் ‘டாட்ஸன் 240 இஸட்’ என்றும் பெயர். அமெரிக்காவில் அக்கம்பெனியின் தலைவராயிருந்த யுடாகா கடயாமா என்பவரே அங்கு அதன் கீர்த்திக்கு முதற்காரணர். அவர் 1909-இற் பிறந்து, 2015-இல் நூறாண்டு கடந்த முதியவராய்க் காலமானார். அமெரிக்காவில் வண்டியின் விலை தொடக்கத்திற் சுமார் 3,500 டாலரே. நேர்வரிசையில் நிற்கும் ஆறு சிலிண்டர்கள். அவற்றின் கொள்ளளவு 2,393 கன சென்டிமீட்டர். எண்ணெயும் காற்றும் கலந்தூட்ட இரண்டு கார்புரேட்டர்கள். கம்ப்யூட்டர் எதுவும் அதில் இல்லை. ஸ்பானரும் பொறுமையும் உடையான் ஒருவன் அதன் உட்பொருள் முழுவதையும் கண்ணாற் கண்டு அறியலாம். வீட்டிற் புதுக்குவோர் இதனை நாடுவதற்கு இதுவே தலையாய காரணம் எனலாம்.

இவ்வண்டிக்குப் பெரும்பகை துருவாகும். இதற்குத் தனிச் சட்டம் கிடையாது. தகட்டாலாகிய உடலே எலும்புக்கூடுமாய் நின்று பாரந் தாங்குகிறது. ஆகவே தரைத்தகடு அரித்துப்போனால் அழகு மட்டுமன்றி வலியும் கெடுகிறது. பாட்டரி வைக்கும் தட்டின் கீழே அமிலம் கசிந்து அரிக்கும். பின்சக்கரத்தின் முன்மூலையிலும், பின்கதவின் அடிவிளிம்பிலும், தரையின் அடியில் நீளவாட்டாக ஓடும் உத்தரங்களிலும் நீர் தங்கித் துருவேறும். பனிக்காலத்தில் தெருவில் உப்பிறைக்கும் மாகாணங்களில் ஓடிய வண்டியாயின் சொல்லவேண்டுவதில்லை. மேலே பூசிய வர்ணத்தைக் கண்டு ஏமாறலாகாது. மெல்லிய துணியிற் சுற்றிய காந்தத்தை உடலெங்கும் தடவிப் பார்த்தால், இரும்பிருக்குமிடத்திற் பற்றும். பசையை அப்பி மறைத்த இடத்திற் பற்றாது. வண்டியை விலைபேசு முன் செய்யவேண்டிய பரீட்சை இது.

கழற்றி எடுக்கத்தக்க சிறு உறுப்புக்களின் துருவை மின்சாரத்தால் நீக்கும் முறையொன்றுண்டு. ரசாயனம் பயிலும் நம் மாணவர்க்கு அது இன்பந் தரும். ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் நீர் நிரப்பி, காலனுக்கு ஒரு பெரிய கரண்டி வீதம் சலவைச் சோடாவைக் கரைக்கவேண்டும். துருப்பிடித்த உறுப்பை அதில் மூழ்கத் தொங்கவிட்டு, பாட்டரிக்கு மின்னேற்றும் கருவியின் எதிர்முனையை அதனோடு இணைக்கவேண்டும். வேறொரு பழைய இரும்புத் தகட்டை உறுப்போடு முட்டாமல் நிறுத்தி, நேர்முனையை அதனோடு சேர்க்கவேண்டும். இம்முனைகளை மாற்றிவிட்டால் காக்க நினைத்த உறுப்பே கரைந்தொழியும். சில மணி நேரத்தில் துரு இளகித் தூரிகைக்கு உதிரும். நேர்முனைத் தகடு துருவேறா உருக்காயின் அதிலுள்ள குரோமியம் நச்சுப் பொருளாய் நீரிற் கலக்கும். அது கூடவே கூடாது. உறுப்பினின்று எழும் குமிழிகள் ஹைட்ரஜன் வாயு ஆதலின், திறந்த வெளியிலேயே இதனைச் செய்க. மின்சாரத்தை நிறுத்திய பின்னரே கம்பிகளைக் கழற்றுக. வில்லுருக்குச் சுருள் போன்ற கடினமாக்கிய உறுப்புக்களை இதில் இடலாகாது. ஹைட்ரஜன் உட்புகுந்து அவற்றை எளிதில் ஒடியச் செய்யும். போன இரும்பு இம்முறையால் மீளாது. எஞ்சியது மட்டுமே வெளிப்படும். வெளிப்பட்ட இரும்பை உடனே உலர்த்தி வர்ணம் பூசாவிடில், அன்றே புதுத் துரு படியும்.

கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இவ்வண்டிகளின் சிலுவைத் தலைத் திருகாணிகள் ஜப்பானியத் திட்டப்படி அமைந்தவை. பார்வைக்கு அமெரிக்கப் பிலிப்ஸ் திருகாணி போலவே தோன்றினும் பள்ளத்தின் வடிவம் சிறிது வேறு. பிலிப்ஸ் திருப்புளியால் முறுக்கினால் அது மேலெழும்பி, தலையைத் தேய்த்துவிடும். பல ஆண்டு இறுகிய திருகாணியாயின் பின்னர் அதனைத் துளைத்தே எடுக்கவேண்டும். கார்புரேட்டர் மூடியிற் கைவைக்குமுன் ஜப்பானியத் திருப்புளியொன்றை வாங்கிக் கொள்வது ஒரு நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

எஞ்சின் தலையைக் கழற்றும்போது மற்றோர் இக்கட்டு நேரும். கேம் தண்டைச் சுழற்றும் சங்கிலியை முன்மூடிக்குள் ஒரு சிறு இறுக்கி அழுத்திக்கொண்டிருக்கிறது. மேற்பற்சக்கரத்தைக் கழற்றியவுடன் சங்கிலி தளர, இறுக்கியின் தண்டு வெளியே குதித்துவிடும். அதனை மீண்டும் உட்செலுத்த ரேடியேட்டர், முன்கப்பி, முன்மூடி யாவும் கழலவேண்டும். ஒரு மரச்சீவலை ஆப்பாகச் செதுக்கி, சங்கிலியின் இரு கிளைகளுக்கும் இடையே முன்னதாகவே இறக்கிவிட்டால் இத்துன்பம் இல்லை. காசு பெறாத மரத்துண்டு இரண்டு நாள் உழைப்பைக் காப்பது வியப்பன்றோ!

இனி மாற்றுதலைக் கவனிப்போம். 1975-இல் அமெரிக்காவிற்கு வந்த 280 இஸட் வண்டியின் 2,753 கன சென்டிமீட்டர் எஞ்சின் அதே குலத்தைச் சேர்ந்தது. ஆதலின் பழைய இடத்திற் பெரும்பாலும் வெட்டின்றிப் பொருந்தும். இதனைப் பொருத்தி வலிமை கூட்டுவோர் பலர். முதல் எஞ்சினை எண்ணெய் பூசிப் பாதுகாத்து வைத்தால் வேண்டும்போது மீட்கலாமாகையால், இதனை நாம் குறைகூறோம். ஆயின், வலிமையைக் கூட்டுமுன் பிரேக்கைச் சீர்செய்யாதவன் மூடன். இவ்வண்டியின் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும், பின்சக்கரங்களுக்கு டிரம் பிரேக்குமே உள்ளன. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அத்தூசியைக் காற்றால் ஊதலாகாது, நீரால் நனைத்தே துடைக்கவேண்டும்.

உடலை வெட்டும் மாற்றமோ வேறு இனம். அதே 1969-இல் வெளிவந்த ஸ்கைலைன் ஜி.டி.ஆர். வண்டியை ஜப்பானியர் ‘ஹகோஸுகா’, அதாவது பெட்டி ஸ்கைலைன், என்றழைப்பர். சாதாரண ஸ்கைலைனின் பின்பக்கத் தகட்டில் அலைபோன்ற ஒரு கோடு அழுத்தப்பட்டிருக்கும். ஜி.டி.ஆருக்கு அகன்ற டயர் வேண்டியிருந்தமையால், சக்கரத்தின் மேல் அக்கோடு ஓடுமிடத்தைத் தொழிற்சாலையாரே வெட்டினர். அவ்வண்டிகள் செய்யப்பட்டவை சுமார் இரண்டாயிரமே. அதன் தோற்றத்தை விழைந்தோர் தம் சாதாரண வண்டிகளிலும் அக்கோட்டை வெட்டலாயினர். போலி ஜி.டி.ஆர். பெருகப் பெருக, கோடு வெட்டுண்ணாத சாதாரண ஸ்கைலைன் குறைந்துகொண்டே வந்தது.

240 இஸட் வண்டிக்கும் அகன்ற சக்கரம் பூட்ட விரும்புவோர், மட்கார்டின் விளிம்பை அறுத்து மேலே ஒரு வளைவைப் பொருத்துகின்றனர். முன்புற மட்கார்டுகள் போல்ட்டுக்களாற் பூட்டப்பட்டவை. அவற்றைக் கழற்றித் துணி சுற்றிப் பரண்மேல் வைத்துவிட்டு, வேறொரு ஜோடியை வாங்கி அறுத்துக்கொள்ளலாம். பின்புறத் தகடு உடலோடு பற்றவைக்கப்பட்டது. அங்கு அவ்வசதி இல்லை.