சாம்பல் எங்கே விழுதுன்னு பார்த்து வாங்கு

புது வீட்டுக்குப் பின்னாடி வைக்க பெல்லட் கிரில் வாங்கப் போறோம், எதைப் பார்த்து வாங்கணும்னு நேத்து போன்ல கேட்டே. பேச நேரம் இல்லாம வச்சுட்டேன், அதான் நிதானமா எழுதறேன். நீ டல்லாஸ் பக்கம், நான் ஹூஸ்டன். ஏழு வருஷமா இந்த அடுப்புல சமைக்கிறேன். இப்ப இருக்கிறது ரெண்டாவது. முதல்ல வாங்கினது மூணாவது வருஷமே போயிடுச்சு. நீயும் அப்படிப் பணத்தை விடக் கூடாதுன்னுதான் இவ்வளவும் சொல்றேன்.

முதல்ல உங்க வீட்டுல என்ன சமைக்கப் போறீங்கன்னு யோசி. வேலை விட்டு வந்து அரை மணி நேரத்துல சிக்கன் டிக்காவும் சோளமும் சுடணும், அவ்வளவுதான்னா, கேஸ் கிரில்லோ கரி அடுப்போ போதும். பெல்லட் அடுப்பு வேண்டாம். ஆட்டுத் தொடையை முழுசா வச்சு எலும்புலேருந்து கறி தானா கழண்டு வரணும், ஞாயித்துக்கிழமை பத்து பேருக்கு விருந்து போடணும், நடுவுல குழந்தையையும் பார்த்துக்கணும்னா இதுதான் சரி. விறகு போடுற ஸ்மோக்கர்ல புகை வாசனை இன்னும் அழுத்தமா இருக்கும், அதை மறைக்க மாட்டேன். ஆனா நெருப்பைப் பார்த்துக்கிட்டு, விறகு தள்ளிக்கிட்டு, ஒருத்தர் நாள் முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கணும். கைக்குழந்தைக்காரி உன்னால முடியுமா?

இந்த அடுப்பு வேலை செய்யற விதத்தை மாப்பிள்ளைக்கும் சொல்லு. மரத்தூளை அழுத்தி, பென்சில் தடிமனுக்குத் துண்டு துண்டா பண்ணினதுதான் பெல்லட். பசை தேவையில்லை, மரத்துக்குள்ளேயே இருக்கிற லிக்னின் சூட்டில் இளகி ஒட்டிக்கும். மாவு மில்லுல அரிசி கொட்டுற பெட்டி மாதிரி பக்கத்துல ஒரு ஹாப்பர் இருக்கும். அதுலேருந்து ஒரு திருகு பெல்லட்டைக் கொஞ்சம் கொஞ்சமா நெருப்புக் கிண்ணத்துக்குத் தள்ளும். ஒரு கம்பி சூடாகிப் பத்த வைக்கும், சின்ன ஃபேன் ஊதும். எவ்வளவு தள்ளணும், எவ்வளவு ஊதணும்னு கன்ட்ரோலர் பார்த்துக்கும். ஒரகன் மாநிலத்துல மவுண்ட் ஏஞ்சல்ங்கிற சின்ன ஊர்ல, வீட்டைச் சூடாக்குற சாதனங்கள் விக்கிற குடும்பத்தைச் சேர்ந்த ஜோ ட்ரேகர் 1980-கள்ல உருவாக்கினது இது. அவரோட காப்புரிமை 2006-ல முடிஞ்சதும் நிறைய கம்பெனிகள் இறங்கிடுச்சு. கடையில இத்தனை மாடல் நிக்கிறதுக்குக் காரணம் அதுதான்.

கடைக்காரர் முதல்ல ஸ்கிரீனையும் வைஃபையையும்தான் காட்டுவார். நீ கீழே குனிஞ்சு, சாம்பலை எப்படி எடுக்கணும்னு கேளு. எரிஞ்ச பெல்லட் மாவு மாதிரி சாம்பலாகி நெருப்புக் கிண்ணத்துல தங்கும். அது சேர்ந்துச்சுன்னா காத்து போகாது, நெருப்பு அணையும், வெப்பம் ஏறி இறங்கும். என் முதல் அடுப்புல கம்பித்தட்டு, எண்ணெய்த் தட்டு, அதுக்கு அடியில இருக்கிற தகடு எல்லாத்தையும் கழட்டி, வேக்குவம் வச்சு உறிஞ்சணும். கை முழங்கை வரைக்கும் கறுத்துப் போகும். அலுப்புல ஒரு வாரம் தள்ளிப் போடுவேன், அப்புறம் ரெண்டு வாரம். இப்ப இருக்கிறதுல அடியில ஒரு கிண்ணம், திருகிக் கழட்டிக் கொட்டிடலாம். இந்த ஒரு வசதிக்காக நூறு டாலர் கூட ஆனாலும் கொடு. வேக்குவம் போடுறதா இருந்தா மறுநாள் சாம்பல் நல்லா ஆறினப்புறம்தான், உள்ளே ஒரு கங்கு இருந்தாலும் ஆபத்து.

அப்புறம் மூடியைத் தூக்கிப் பாரு. கனமா இருக்கணும், மூடும்போது தகரச் சத்தம் கேட்கக் கூடாது. மெல்லிசு தகடுன்னா டிசம்பர் குளிர்ல, காத்துல, சூட்டைப் பிடிச்சு வைக்காது, பெல்லட்டைத் தின்னும். கன்ட்ரோலர் பிஐடி வகையான்னு கேளு. அது வெப்பத்தை அடிக்கடி பார்த்துத் திருத்திக்கிட்டே இருக்கும், அதனால வச்ச சூட்டை ஒட்டியே நிக்கும். ஹாப்பர்ல மிச்சப் பெல்லட்டை வெளியே கொட்ட ஒரு கதவு இருக்கான்னும் பாரு. இல்லேன்னா கரண்டியால அள்ளணும்.

சைஸ் விஷயத்துல ஏமாறாதே. 700 சதுர அங்குலம்னு எழுதியிருப்பாங்க, அதுல மேல் தட்டையும் சேர்த்திருப்பாங்க. அடித்தட்டு எவ்வளவுன்னு தனியா கேளு. நீ விருந்துக்கு எடுக்கிற பெரிய ட்ரேயைக் கையோட கொண்டு போய் உள்ளே வச்சுப் பார்த்துடு.

நிறைய மாடல்கள்ல நெருப்புக்கு மேல தகடு மூடியிருக்கும், தீ நேரா கறியில படாது. ஓரம் கருகி முறுகணும்னு மாப்பிள்ளை ஆசைப்பட்டா, அந்தத் தகட்டை நகர்த்தித் திறக்கிற மாடலா வாங்கு. இல்லேன்னா இரும்புக் கல்லை உள்ளே வச்சு 450 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு ஏத்தி, கடைசியில அதுல புரட்டி எடு. நான் அப்படித்தான் பண்றேன்.

இனி பெல்லட். சமையலுக்குன்னு போட்டிருக்கிறதை மட்டும் வாங்கு, வீடு சூடாக்கிற பெல்லட் விலை குறைவுன்னு எடுத்துடாதே. மூட்டையில ஒரு மரத்துப் பேரைப் பெருசா போட்டு, உள்ளே பாதிக்கு மேல ஓக் கலந்திருப்பாங்க, பின்பக்கம் படி. கோழிக்கு ஆப்பிள், செர்ரி. ஆட்டுக்கறிக்கு ஓக் இல்லேன்னா ஹிக்கரி. டெக்சாஸ்ல மெஸ்கீட் நிறைய கிடைக்கும், நம்ம ஊர் சீமைக் கருவேலத்துக்கு அது பங்காளி. புகை காரமா இருக்கும், நாலஞ்சு மணி நேரம் வச்சா கசக்கும். சீக்கிரம் வேகறதுக்கு மட்டும் போடு. 225 டிகிரியில ஒரு மணி நேரத்துக்கு ஒண்ணுலேருந்து ரெண்டு பவுண்டு வரை செலவாகும், 20 பவுண்டு மூட்டை ஒண்ணு எப்பவும் கூடுதலா இருக்கட்டும்.

பெல்லட்டுக்கு ஈரம்தான் எமன். ஒரு தடவை உறை போடாம ஊருக்குப் போயிட்டோம், மழை பெஞ்சுது. திரும்பி வந்து மூடியைத் திறந்தா, ஹாப்பர் முழுக்க ஊறின அவல் மாதிரி உப்பிக் கிடந்துச்சு. திருகுக்குள்ள போனது காஞ்சு சிமெண்ட் ஆயிடுச்சு. உன் அத்தான் அரை நாள் ஸ்க்ரூ டிரைவரால குத்திக் குத்தி எடுத்தார், அதுக்கப்புறம் அந்த மோட்டார் சரியாவே ஓடலை. அதனால உறையை அடுப்போட சேர்த்தே வாங்கு. மிச்சப் பெல்லட்டை இறுக்கமா மூடுற வாளியில போட்டு வீட்டுக்குள்ள வை. சந்தேகமா இருந்தா ஒண்ணை எடுத்து ஒடிச்சுப் பாரு. பட்டுன்னு ஒடிஞ்சா நல்லது, பொடியா உதிர்ந்தா தூக்கிப் போட்டுடு.

இதுக்குக் கரண்ட் வேணும், வெளியில எர்த் உள்ள பிளக் இருக்கிற இடத்துல வை. கராஜுக்குள்ள கதவைத் திறந்து வச்சும் எரிக்காதே, கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாம ஆளைச் சாய்ச்சிடும். சமைச்சு முடிச்சதும் பிளக்கைப் பிடுங்காதே. ஆஃப் பட்டனை அமுக்கினா, கிண்ணத்துல மிச்சம் இருக்கிறது எரிஞ்சு தீர்ற வரைக்கும் ஃபேன் ஓடிட்டுத்தான் நிக்கும். பாதியில பிடுங்கினா நெருப்பு திருகு வழியா ஹாப்பர் பக்கம் ஏறலாம். எண்ணெய்த் தட்டையும் சுத்தமா வை, கொழுப்பு தேங்கினா தீப்பிடிக்கும்.

கையால குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் ஒண்ணு தனியா வாங்கு. அடுப்புல இருக்கிற சென்சார் பெட்டியோட சூட்டைச் சொல்லும், கறிக்குள்ள என்ன நடக்குதுன்னு சொல்லாது. கோழிக்கு உள்ளே 165 டிகிரி வரணும். 225-ல வச்சா தோல் ரப்பர் மாதிரி ஆயிடும், கடைசியில 375-க்கு ஏத்து. ஆட்டுத் தொடை 250-ல அஞ்சாறு மணி நேரம் ஆகும், உள்ளே 200 பக்கம் வந்தாத்தான் நார் விட்டுக் கொடுக்கும். நடுவுல 160 பக்கத்துல ரொம்ப நேரம் ஏறாம நிக்கும். மண்பானைத் தண்ணி குளிர்ற அதே காரணம்தான், கறியிலேருந்து ஈரம் ஆவியாகிச் சூட்டை எடுத்துக்கிட்டுப் போகுது. பயந்து சூட்டைக் கூட்டாதே. ஃபாயில்ல சுத்தி உள்ளே வை, நகர ஆரம்பிச்சிடும்.

வாங்கிட்டு வந்த அன்னிக்கே கறி வைக்காதே. புத்தகத்துல சொன்ன மாதிரி காலியா ஒரு தடவை எரியவிடு, ஃபேக்டரி எண்ணெய் போகட்டும். மறுநாள் கோழித் தொடையில ஆரம்பி, மிளகும் தனியாவும் தூக்கலா போட்டு. பத்த வைக்கிற கம்பிதான் முதல்ல பழுதாகிற சாமான், அது தனியா கிடைக்குமான்னு பணம் கட்டறதுக்கு முன்னாடியே கேட்டுடு. சனிக்கிழமை கடையில நிக்கும்போது வீடியோ கால் போடு, அடிப்பக்கத்தை எனக்கும் காட்டு.